எட்டுக் கொக்கி அறை

விண்ணப்பத்தில் 'தொன்மை மிக்க பண்ணை மாளிகை'
என்று எழுதச் சொன்னார் வங்கிக்காரர்.
எழுதினேன்.
மாளிகைக்குள் அன்றைக்கு
இரண்டு செம்மறிகள், தாழ்வாரம் முழுக்கப் புழுக்கை,
இடுப்பொடிந்து தொங்கிய பனை உத்திரம் ஒன்று.
உருகுவேயின் வடகிழக்கு மூலை.
இங்கிருந்து எச்சில் துப்பினால்
பிரேசிலில் விழும் என்பான் வில்மார்.
காற்று சரியாக இருந்தால்.

முற்றத்து நிலத்தடித் தொட்டியை இறைத்தோம்.
சேற்றோடு வாளியில் ஏறி வந்தது ஓர் ஆமை ஓடு.
புழு பூச்சியைத் தின்று
நீரைத் தெளிவாக வைக்கட்டும் என்று
அந்தக் காலத்தில் உள்ளே விட்டு மூடியது.
எத்தனை வருடம் இருட்டில் வேலை பார்த்ததோ.
வரவேற்பு மேசையில் வைக்கலாம் என்றாள் இர்மா.
என் அக்கா அவள். எதையும் எங்காவது வைப்பாள்.
நான் ஓம்பூ மரத்தடியில் புதைத்தேன்.

சுவரைச் சுரண்டச் சுரண்ட
பச்சைக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே
மாட்டு ரத்தம் குழைத்த சுண்ணாம்பின் மங்கல் சிவப்பு.
மொந்தேவிதேயோவிலிருந்து வந்த நிபுணர்
கண்ணாடியைக் கழற்றி முகர்ந்தே பார்த்தார்.
"கைக்குட்டை அளவு அப்படியே விடுங்கள்,
விருந்தாளிகளுக்குப் பிடிக்கும்."
விட்டோம்.
ஆறாத புண்ணுக்கு ஜன்னல் வைத்தாற்போல இருக்கிறது.

அறைகளுக்குப் பறவைப் பெயர் இர்மாவின் யோசனை.
எஜமானர் அறை ஆள்காட்டி.
சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டியது மரங்கொத்தி.
பின்கட்டில் கம்பளிக் கொட்டகையை அடுத்த
நீண்ட அறை
தேன்சிட்டு.

சாந்துக் கரண்டியோடு ஏணியில் நின்ற வில்மார்
சிரிக்க ஆரம்பித்தான்.
இறங்கி வந்தும் நிற்கவில்லை சிரிப்பு.
பதின்மூன்று வயதில் இங்கே கூலிக்கு வந்தவன்,
ஒன்பது குளிர்காலம் அந்த அறையில்.
சேணத்தைப் பிரித்தால் ஆட்டுத்தோல் மெத்தை,
சேணக்கட்டை தலையணை.
சுவரில் எட்டு இரும்புக் கொக்கி, ஆளுக்கு ஒன்று.
"எட்டாவது தேன்சிட்டு நான்" என்றான்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இரவுக்கு வாடகை என்ன என்று கேட்டான்.
சொன்னேன்.
ஈரச் சுவரில் ஆணியால் கணக்குப் போட்டான்,
பணத்தில் இல்லை.
"ஒன்றரை ஆடு" என்றான்.
"எங்களுக்கு மாசத்துக்கு ஓர் ஆடு. அதுவும் கிழடு."
திட்டுகிறானா, வேடிக்கையா, தெரியவில்லை.
கரண்டியை எடுத்து
தன் கணக்கின்மேல் தானே சாந்து பூசினான்,
வழவழப்பாக,
அவனுக்குத்தான் அப்படிப் பூச வரும்.

வெள்ளி முதல் விருந்தாளிகள், போர்த்தோ அலெக்ரேவிலிருந்து.
வியாழன் இரவு
எல்லா அறையிலும் யாராவது படுத்துப் பார்ப்பது என்று முடிவு.
எஜமானர் அறையை எடுத்துக்கொள் என்றேன் வில்மாரிடம்.
வேண்டாம், அங்கே நாய் வாசனை என்றான்.
நாய் செத்து முப்பது வருடம்.

மனைவி சுல்மாவையும் கூட்டி வந்திருந்தான்,
சொந்தத் தலையணையோடு.
காதலித்த காலத்தில்
ஞாயிறுதோறும் வெளிவாசல் கம்பியருகே நின்றவள்.
அதற்கு உள்ளே வந்ததில்லை.
தேன்சிட்டு என்ற பலகையை
எழுத்துக் கூட்டிப் படித்தாள், கதவைச் சாத்தினாள்.
இரவு முழுக்கத் தவளை.

காலையில் சமையல்கட்டில்
மாத்தே குவளை கைமாறியது.
குறைகளைச் சொன்னவள் சுல்மாதான்,
விரல் மடக்கி:
வெந்நீர் வர நாலு நிமிஷம்.
கதவு முனகுகிறது.
கண்ணாடி ரொம்ப உயரம்,
எனக்கு நெற்றிதான் தெரிந்தது.
கொக்கிகளைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவனாகச் சொன்னான்:
"இருக்கட்டும். அவங்க கோட்டை எங்கே மாட்டுவாங்க?"
தன்னுடையது கதவிலிருந்து மூன்றாவது என்று மட்டும்,
குவளையைத் திருப்பித் தந்தபடி.

பத்து மணிக்குக் கார் ஹாரன் தூரத்தில் கேட்டது.
கண்ணாடியை ஒரு சாண் இறக்கி மாட்டினேன்.
பழைய ஆணித்துளை
மேலே பளிச்சென்று தெரிகிறது.
மூடக் கையில் சாந்து இல்லை.
இர்மா வாசலில் ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டே
என் பெயரைக் கூப்பிடுகிறாள்.